தலையில் 2 மில்லிஆம்பியர் விட்டால் ஞாபகசக்தி கூடுமா?

திருச்சிக்காரன் எழுதியது:

வேலைக்குப் போய்க்கொண்டே குரூப் 1க்குப் படிக்கிறேன், வயது 33. படிக்கும்போது எல்லாம் புரிகிறது, ஆனால் தங்குவதில்லை. அரசியலமைப்புத் திருத்தங்களை இந்த வாரம் படித்தால் அடுத்த வாரம் 42வதும் 44வதும் ஒன்றோடொன்று கலந்துபோகின்றன.

அலுவலகத்தில் ஒருவர் ஆன்லைனில் விற்கும் ஒரு கருவியைக் காட்டினார். நெற்றிப்பட்டை மாதிரி இருக்கிறது, உள்ளே ஈரப் பஞ்சு வைத்த இரண்டு மின்முனைகள். தினமும் 20 நிமிடம் 2 மில்லிஆம்பியர் மின்சாரம் விட்டால் ஞாபகசக்தியும் கவனமும் கூடும், விஞ்ஞானப்பூர்வமாக நிரூபிக்கப்பட்டது என்று போட்டிருக்கிறார்கள். டிடிசிஎஸ் என்று பெயராம், மண்டையோட்டின் வழியாக நேர்மின்சாரம் (டிசி) விடுவது என்று அர்த்தமாம். விலையைப் பார்த்தால் என் சம்பளத்தில் பாதி போய்விடும். என் தம்பி டிப்ளமோ இஇஇ முடித்தவன், 9 வோல்ட் பேட்டரியும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் எல்எம்334 ஐசியும் இருந்தால் நானே செய்து தருகிறேன் என்று சொல்லி பாகங்களுக்கு ஆர்டரும் போட்டுவிட்டான்.

கூகுளில் தேடினால் பாதிப் பேர் அற்புதம் என்கிறார்கள், பாதிப் பேர் ஏமாற்று என்கிறார்கள். பக்கவாதம் வந்தவர்களுக்கோ மனச்சோர்வு உள்ளவர்களுக்கோ இது உதவுமா என்று நான் கேட்கவில்லை. எந்த நோயும் இல்லாத, சாதாரண மறதி மட்டும் உள்ள ஒருவனுக்கு இது உண்மையிலேயே வேலை செய்கிறதா? இந்தத் துறையில் இருப்பவர்கள் யாராவது நேராகச் சொன்னால் நல்லது.

---

ஈயக்கம்பி எழுதியது:

மூளை விஷயம் எனக்குத் தெரியாது, தெரிந்தவர்கள் வருவார்கள். நான் சர்க்யூட் பற்றி மட்டும் சொல்கிறேன்.

உங்கள் தம்பி எல்எம்334 என்று சொன்னதிலிருந்து அவருக்கு விஷயம் கொஞ்சம் தெரியும் என்று புரிகிறது, ஏனென்றால் நிறைய பேர் 9 வோல்ட் பேட்டரியோடு ஒரு ரெசிஸ்டரை மட்டும் போட்டு வேலையை முடித்துவிடுகிறார்கள். தோலின் மின்தடை நிலையாக இருக்காது. காய்ந்திருந்தால் பத்து, இருபது கிலோ ஓமுக்கு மேல் போகும், உப்புத்தண்ணீரில் நனைந்து கொஞ்ச நேரம் மின்சாரம் ஓடினால் சில கிலோ ஓமுக்கு இறங்கிவிடும். அதற்கேற்றபடி மின்னோட்டமும் ஏறிக்கொண்டே போகும், தலையில் மாட்டியிருப்பவருக்கு அது தெரியாது. எல்எம்334 அதைக் கட்டுப்படுத்தும், அதுவரை சரி. ஆனால் அந்த ஐசியில் மின்னோட்டத்தை முடிவு செய்வது ஒரே ஒரு ரெசிஸ்டர்தான், 2 மில்லிஆம்பியருக்குச் சுமார் 34 ஓம். அங்கே சால்டர் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டாலோ தவறான மதிப்பு போட்டாலோ உங்களைக் காப்பாற்ற வேறு எதுவும் இல்லை.

அடுத்தது, ஆய்வகக் கருவிகள் மின்னோட்டத்தை 30 விநாடி அளவில் மெதுவாக ஏற்றி மெதுவாக இறக்கும். வீட்டில் செய்தது சட்டென்று வரும், சட்டென்று போகும். வயர் நடுவில் கழன்றால் கண்ணில் பளிச்சென்று ஒரு வெளிச்சம் தெரியும். விழித்திரை தூண்டப்படுவதால் வருவது அது, பெரிய ஆபத்தில்லை, ஆனால் நடுங்கிப்போவீர்கள்.

உண்மையான பிரச்சினை மின்முனையின் பரப்பு. 35 சதுர சென்டிமீட்டர் பஞ்சில் 2 மில்லிஆம்பியர் பரவினால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.06 மில்லிஆம்பியர்கூட வராது. அதே மின்சாரத்தை ஒரு ரூபாய் நாணயம் அளவுள்ள உலோகத் தகட்டில் விட்டால் அந்த அடர்த்தி பல மடங்காகும், பஞ்சு ஒரு ஓரத்தில் காய்ந்தால் அங்கேயும் அதே கதை. தோல் வெந்துபோகும். குழாய்த் தண்ணீரில் நனைத்தவர்களுக்குப் புண் வந்ததை மருத்துவ இதழ்களிலேயே எழுதியிருக்கிறார்கள், சலைன்தான் பயன்படுத்த வேண்டும். இதையெல்லாம் சொல்வது செய்முறை கொடுக்க அல்ல, நானே செய்து தருகிறேன் என்று தம்பி சொல்வதில் எதெல்லாம் சேரவில்லை என்று காட்டத்தான்.

---

பனிக்காட்டு முல்லை எழுதியது:

நான் ஜெர்மனியில் இந்தத் துறையில் ஆய்வு மாணவி, பஞ்சை நனைத்து ஆட்கள் தலையில் கட்டுவதுதான் என் வாரநாள் வேலை. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன்.

முதலில் நேரான பதில்: ஆரோக்கியமானவர்களுக்கு, ஞாபகசக்திக்கு, நம்பி வாங்கும் அளவுக்கு ஆதாரம் இல்லை. ஆனால் "ஏமாற்று" என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கவும் முடியாது, ஏனென்றால் அடிப்படையில் நடக்கும் ஒரு விஷயம் உண்மை.

2000இல் கோட்டிங்கன் நகரில் மைக்கேல் நிட்ஷேவும் வால்டர் பவுலஸும் ஒரு சோதனை செய்தார்கள். கை அசைவைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதிக்கு மேலே 1 மில்லிஆம்பியர் நேர்மின்சாரம் சில நிமிடம் விட்டுவிட்டு, பிறகு காந்தத் துடிப்பால் அந்தப் பகுதியைத் தட்டி, சுண்டுவிரல் தசை எவ்வளவு துள்ளுகிறது என்று அளந்தார்கள். நேர்முனையை அங்கே வைத்தால் துள்ளல் கூடியது, எதிர்முனையை வைத்தால் குறைந்தது, மாற்றம் 40 சதவீதம் வரை. அடுத்த ஆண்டு 13 நிமிடம் விட்டபோது விளைவு ஒன்றரை மணி நேரம் வரை நீடித்தது. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் நீடிக்கிறது என்றால் நரம்பு இணைப்புகளில் ஏதோ மாறியிருக்க வேண்டும், கற்றலும் நரம்பு இணைப்புகள் மாறுவதுதானே, அப்படியானால் கற்றலையே கூட்டலாமே என்று எல்லோரும் ஓடினார்கள். அந்த ஓட்டம் எனக்குப் புரிகிறது, நானும் அதை நம்பித்தான் இந்தத் துறைக்கு வந்தேன்.

2005இல் ஹார்வர்டில் ஃபிலிப் ஃப்ரெக்னி குழு இடது நெற்றிப் பகுதியில் 10 நிமிடம் விட்டுப் பார்த்தது. திரையில் ஒவ்வொன்றாக எழுத்துகள் வரும், மூன்று எழுத்துக்கு முன்னால் வந்ததும் இப்போது வந்ததும் ஒன்றா என்று சொல்ல வேண்டும். அதில் சரியான விடைகள் கூடின. பங்கெடுத்தவர்கள் 15 பேர். விளம்பரங்களில் இன்றுவரை காட்டுவது இந்த வகை ஆய்வுகளைத்தான். 15 பேர் என்பதை மட்டும் காட்ட மாட்டார்கள்.

அதற்கப்புறம் நூற்றுக்கணக்கில் ஆய்வுகள் வந்தன, பெரும்பாலும் இதே மாதிரி சின்னச் சின்னதாக. 2015இல் ஜாரெட் ஹோர்வாத் என்பவர் ஆஸ்திரேலியாவில் இவற்றைத் தொகுத்துக் கணக்குப் போட்டார். ஒருமுறை மட்டும் மின்சாரம் விட்ட ஆய்வுகளில், ஆரோக்கியமானவர்களின் அறிவாற்றலில் நம்பத்தகுந்த விளைவு எதுவுமே இல்லை என்று எழுதினார். அவர் கணக்குப் போட்ட முறை சரியில்லை என்று பலர் சண்டை பிடித்தார்கள், அந்தச் சண்டையில் நியாயமும் இருந்தது. ஆனால் 2017இல் மெடினாவும் கேசனும் வேறொரு வழியில் பார்த்தார்கள்: வெளியான ஆய்வுகளின் புள்ளியியல் மதிப்புகள் எப்படிப் பரவியிருக்கின்றன என்று மட்டும் எடுத்து ஆராய்ந்தார்கள். உண்மையான விளைவு இருந்தால் அந்தப் பரவலுக்கு ஒரு வடிவம் இருக்கும். அந்த வடிவம் அங்கே இல்லை. நல்ல முடிவு வந்தவர்கள் வெளியிட்டார்கள், வராதவர்கள் மேஜை டிராயரில் போட்டுவிட்டார்கள் என்பதோடு ஒத்துப்போகும் வடிவமே இருந்தது.

நேரமிருந்தால் இரவு வந்து, மூளைக்குள் எவ்வளவு மின்சாரம் போகிறது என்பதையும் எழுதுகிறேன். என் பார்வையில் மொத்தக் கதையின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

---

சோடாபுட்டி எழுதியது:

நான் பயன்படுத்தியிருக்கிறேன். நண்பன் வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்தது, கம்பெனி பெயர் வேண்டாம். மாட்டினால் முதலில் எறும்பு ஊர்வது போல அரிக்கும், பிறகு பழகிவிடும். கழற்றினால் நெற்றியில் இரண்டு சிவப்பு வட்டம், அம்மா பார்த்துவிட்டு என்னடா சூடு போட்டுக்கொண்டாயா என்று கேட்டார்.

தினமும் போனில் ஞாபகப் பயிற்சி ஆப் ஒன்றும் விளையாடினேன். ஸ்கோர் ஏறியது, கருவி வேலை செய்கிறது என்று நண்பர்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பிறகு என் தங்கை கருவி எதுவும் இல்லாமல் அதே ஆப்பை விளையாடினாள். அவள் ஸ்கோரும் ஏறியது. ஏறின விதம்கூட ஏறக்குறைய ஒன்றுதான்.

விற்பதற்கு வைத்திருக்கிறேன், இந்த இழையைப் படித்த யாரும் வாங்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன் 🙂

---

பனிக்காட்டு முல்லை எழுதியது:

சோடாபுட்டி சொன்னது ஆய்வகத்திலும் பெரிய தலைவலி. ஒரே சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்தால் யாருக்குமே மதிப்பெண் ஏறும். அதற்காகத்தான் போலித் தூண்டல் குழு வைக்கிறோம்: அவர்களுக்கும் பஞ்சு கட்டுவோம், முதல் 30 விநாடி மட்டும் மின்சாரம் விட்டு அரிப்பை உணரவைத்துவிட்டு நிறுத்திவிடுவோம். 2 மில்லிஆம்பியரில் இது எல்லோரையும் ஏமாற்றுவதில்லை. 20 நிமிடமும் அரித்தவருக்குத் தான் எந்தக் குழு என்று தெரிந்துபோகலாம், சிவந்த நெற்றியைப் பார்க்கும் எனக்கும் தெரிந்துபோகலாம். தெரிந்தபின் அவர் கொஞ்சம் கூடுதலாக முயற்சி செய்தால் அது மின்சாரத்தின் கணக்கில் ஏறிவிடும்.

இப்போது மின்சாரம் எங்கே போகிறது என்பது. தலையின் தோல் நன்றாக மின்சாரம் கடத்தும், மண்டையோடு அவ்வளவாகக் கடத்தாது. ஓட்டு வீட்டில் மழை பெய்தால் தண்ணீரில் பெரும்பகுதி ஓட்டின் மேலேயே வழிந்து போய்விடும் அல்லவா, அதே மாதிரி ஒரு பஞ்சிலிருந்து இன்னொரு பஞ்சுக்குத் தோல் வழியாகவே பெரும்பகுதி ஓடிவிடுகிறது. 2016இல் நியூயார்க்கில் நடந்த ஒரு மாநாட்டில் நரம்பியல் விஞ்ஞானி ஜியோர்ஜி புஜாகி இறந்தவர் உடலில் அளந்த முடிவைச் சொன்னபோது பெரிய பரபரப்பு. ஹங்கேரியின் செகெட் நகரக் குழுவோடு சேர்ந்து அவர் செய்த அந்த வேலை 2018இல் முழுமையாக வெளியானது. சுமார் 75 சதவீதம் தோலிலும் மண்டையோட்டிலுமே போய்விடுகிறது, மூளை அலைகளை நேரடியாகத் தொட வேண்டுமென்றால் 4 முதல் 6 மில்லிஆம்பியர் வரை தேவைப்படலாம் என்பது அதன் சாரம். வலிப்பு அறுவைசிகிச்சைக்காக மூளைக்குள் ஏற்கெனவே மின்முனை வைத்திருந்த நோயாளிகளிடமும் 2017இல் வேறொரு குழு அளந்தது. 2 மில்லிஆம்பியர் விட்டால் மூளைக்குள் அதிகபட்சம் மீட்டருக்கு 0.8 வோல்ட் அளவில்தான் மின்புலம் கிடைத்தது.

அது எவ்வளவு? ஒரு நரம்புச் செல் ஓய்வில் இருக்கும்போது அதன் சவ்வில் ஏறக்குறைய மைனஸ் 70 மில்லிவோல்ட், அது சுட வேண்டுமென்றால், அதாவது ஒரு மின்துடிப்பை அனுப்ப வேண்டுமென்றால், மைனஸ் 55 பக்கம் வர வேண்டும். மீட்டருக்கு 1 வோல்ட் புலம் அந்தச் சவ்வை நகர்த்துவது 0.1 முதல் 0.3 மில்லிவோல்ட் வரை. ஆக, இந்தக் கருவி எந்த நரம்பையும் சுடவைப்பதில்லை, ஏற்கெனவே சுடப்போகிற நிலையில் இருப்பதைக் கொஞ்சம் முன்னே தள்ளலாம், அவ்வளவுதான். லட்சக்கணக்கான செல்களில் ஒரே நேரத்தில் அந்தச் சின்னத் தள்ளல் நடந்தால் ஏதாவது ஆகலாம் என்பது நியாயமான ஊகம். ஆனால் என்ன ஆகும் என்பது அந்த நேரத்தில் மூளை என்ன செய்துகொண்டிருக்கிறது, மண்டையோடு எவ்வளவு தடிமன், எப்படித் தூங்கினீர்கள் என்று எத்தனையோ விஷயங்களைப் பொறுத்தது. அதனால்தான் ஒரே அளவு மின்சாரம் ஒருவருக்கு ஒன்றும் இன்னொருவருக்கு வேறொன்றும் செய்கிறது.

---

கிண்டி பழைய மாணவன் எழுதியது:

எல்லோரும் சேர்ந்து ஒரு பக்கமாகவே பேசுகிறீர்களே. காபியின் விளைவும் சின்னதுதான், அதைத் தினமும் குடிக்கிறோமே. பாதுகாப்பான கருவி என்றால், சின்ன விளைவு கிடைத்தாலும் போட்டித் தேர்வில் ஒரு மதிப்பெண் ஆயிரம் பேரைத் தாண்டவைக்கும். திருச்சிக்காரரின் நிலைமையில் நானாக இருந்தால் முயற்சி செய்து பார்ப்பேன்.

---

பனிக்காட்டு முல்லை எழுதியது:

சின்ன விளைவு என்றால் பக்கம் தெரிந்த சின்ன விளைவு என்று எடுத்துக்கொள்கிறீர்கள். இங்கே கூடுமா குறையுமா என்ற பக்கமே உறுதியில்லை. 2016இல் இந்தத் துறையைச் சேர்ந்த 39 ஆராய்ச்சியாளர்கள் கையெழுத்திட்டு, வீட்டிலேயே செய்துகொள்கிறவர்களுக்கு ஒரு திறந்த கடிதம் வெளியிட்டார்கள். அதில் ஒரு விஷயம்: ஒரே அமைப்பில் மின்சாரம் விட்டாலும் 30 சதவீதம் பேர் வரை எதிர்பார்த்ததற்கு எதிர்த் திசையில் மாறலாம். நீங்கள் அந்த 30இல் இருந்தால், தேர்வுக்கு முன் தினமும் 20 நிமிடம் செலவழித்து எதிர்த் திசையில் நடந்துகொண்டிருப்பீர்கள்.

இன்னொன்று. ஆக்ஸ்போர்டில் இயுகுலானோவும் கோஹன் கடோஷும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், புதிய எண் குறியீடுகளைக் கற்றுக்கொள்ளும்போது மண்டையின் பின்மேல் பகுதியில் தூண்டினார்கள். கற்கும் வேகம் கூடியது, ஆனால் கற்றது யோசிக்காமலே தானாக வரும் நிலைக்குப் போவது குறைந்தது. நெற்றிப் பகுதியில் தூண்டியபோது தலைகீழாக நடந்தது. இதுவும் சின்ன ஆய்வுதான், அதனால் இதையும் பிடித்துக்கொண்டு தொங்க மாட்டேன். ஒன்று கூடினால் இன்னொன்று குறையக்கூடும் என்ற வாய்ப்பை விற்பவர்கள் யாரும் சொல்வதில்லை என்பதற்காகச் சொன்னேன்.

---

ஓய்வுபெற்ற வாத்தியார் எழுதியது:

நல்ல விவாதம். அம்மா முல்லை, எனக்கு 68 வயது. தெருவில் எதிரே வருகிற பழைய மாணவனின் முகம் தெரிகிறது, பெயர் வாயில் வருவதில்லை. வல்லாரை லேகியம் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. பாஸ்டனில் என் வயதுக்காரர்களுக்கு மின்சாரம் விட்டு ஞாபகம் ஒரு மாதம்வரை கூடியதாகப் பத்திரிகையில் படித்தேன். அது உண்மையா, அல்லது அதுவும் பதினைந்து பேர் கதைதானா?

---

பனிக்காட்டு முல்லை எழுதியது:

ஐயா, நல்ல இடத்தைத் தொட்டீர்கள். இந்தத் துறையில் என்னால் எளிதில் ஒதுக்க முடியாத ஆய்வு அதுதான்.

பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ரைன்ஹார்ட் குழு 2022இல் வெளியிட்டது. 65 முதல் 88 வயதுவரை உள்ள 150 பேர், தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 20 நிமிடம். இதில் விட்டது நேர்மின்சாரம் அல்ல, மாறுமின்சாரம், டிஏசிஎஸ் என்பார்கள். 20 சொற்கள் கொண்ட பட்டியலைக் கேட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். மண்டையின் பின்மேல் பகுதியில் விநாடிக்கு 4 முறை அலைந்த மின்சாரம் பட்டியலின் கடைசிச் சொற்களை நினைவில் வைக்க உதவியது, நெற்றிப் பகுதியில் விநாடிக்கு 60 முறை அலைந்தது முதலில் வந்த சொற்களுக்கு உதவியது. அந்த வேகங்களை இடம் மாற்றிக் கொடுத்தபோது பலன் இல்லை. இந்தக் கடைசி விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் வெறும் அரிப்பும் நம்பிக்கையும் காரணமாக இருந்தால் எந்த வேகத்திலும் பலன் வந்திருக்க வேண்டும். நீங்கள் படித்தது சரி, ஒரு மாதம் கழித்துச் சோதித்தபோதும் வித்தியாசம் இருந்தது.

அதே சமயம், அவர்கள் அளந்தது சொற்பட்டியல். பழைய மாணவனின் பெயரைத் தெருவில் நினைவுபடுத்துவது வேறு வேலை, அதை அவர்கள் அளக்கவில்லை. பயன்படுத்தியது பல சின்ன மின்முனைகளை ஒரு இடத்தில் குவிக்கும் ஆய்வகக் கருவி, கடையில் விற்கும் நெற்றிப்பட்டை அல்ல. மாறுமின்சாரத்திலும் ஒரு சந்தேகம் தீரவில்லை: விளைவில் ஒரு பகுதி தலைத் தோலின் நரம்புகள் துடிப்பை உணர்ந்து மூளைக்கு அனுப்புவதால் வரலாம் என்று 2019இல் ஒரு பெல்ஜியக் குழு காட்டியிருக்கிறது.

ஒன்றை ஞாபகத்தில் வையுங்கள் ஐயா, நல்ல முடிவுகள் முதலில் வந்து பிறகு கரைந்துபோவது இங்கே புதிதல்ல. 2006இல் ல்யூபெக் நகரில் லிசா மார்ஷலும் யான் போர்னும் 13 மாணவர்களுக்கு ஆழ்ந்த தூக்கத்தில் விநாடிக்கு முக்கால் முறை மெதுவாக அலையும் மின்சாரம் விட்டார்கள். இரவு படித்த சொல் இணைகள் காலையில் கூடுதலாக நினைவில் நின்றன. வித்தியாசம் சராசரியாக மூன்று இணைகூட இல்லை, ஆனாலும் உலகம் முழுக்கச் செய்தியானது. பிறகு வேறு குழுக்கள் முதியவர்களிடமும் இளைஞர்களிடமும் செய்து பார்த்தபோது பலன் தெரியவில்லை. உங்கள் வயதுக்காரர்களிடம் நேர்மின்சாரத்தை ஸ்வீடனில் நன்றாகச் சோதித்திருக்கிறார்கள்: 65 முதல் 75 வயதுவரை 123 பேர், 20 பயிற்சி அமர்வுகள், முடிவு 2017இல் வந்தது. பயிற்சியோடு மின்சாரம் சேர்த்ததால் கூடுதல் பலன் ஏறக்குறைய ஒன்றும் இல்லை.

பாஸ்டன் முடிவை வேறு நகரத்தில் வேறு ஆட்கள் பெரிய அளவில் திரும்பச் செய்து காட்டினால் என் கருத்தை மாற்றிக்கொள்வேன். அதுவரை லேகியத்தையே சாப்பிடுங்கள், ருசியாவது இருக்கும்.

---

காவிரிக்கரை டாக்டர் எழுதியது:

மனநல மருத்துவன். மூன்று விஷயம் மட்டும், ஓபி நேரம்.

ஷாக் ட்ரீட்மென்ட் என்று சினிமாவில் காட்டுவதோடு இதைக் குழப்ப வேண்டாம், என்னிடம் வருபவர்கள் முதலில் கேட்பதே அதுதான். அதில் 800 மில்லிஆம்பியர் அளவில் சில விநாடிகள் கொடுத்து, மயக்க மருந்தின் கீழ் வலிப்பை வரவைக்கிறோம். கடுமையான மனச்சோர்வுக்கு உயிர் காக்கும் சிகிச்சை அது, தற்காலிக மறதி அதன் பக்கவிளைவு. டிடிசிஎஸ்ஸில் வலிப்பும் இல்லை, மயக்கமும் இல்லை. பெங்களூரு நிம்ஹான்ஸில் ஸ்கிசோஃப்ரினியா உள்ளவர்களுக்குக் காதில் கேட்கும் குரல்களைக் குறைக்க இதை மருந்தோடு சேர்த்துப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். நோயாளிக்கு உதவுவதால் நோயில்லாதவருக்கும் உதவும் என்று அர்த்தமில்லை.

பாதுகாப்பு: முறைப்படி செய்த 33,000க்கும் மேற்பட்ட அமர்வுகளைத் தொகுத்து 2016இல் பார்த்ததில் பெரிய பாதிப்பு எதுவும் பதிவாகவில்லை. முறைப்படி என்பதற்கு அடிக்கோடு போடுங்கள். வலிப்பு நோய் உள்ளவர்கள், தலைக்குள் உலோகம் இருப்பவர்கள், பேஸ்மேக்கர் வைத்தவர்கள், தலைத் தோலில் புண் இருப்பவர்கள் நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது. மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு விளைவே மாறும், சிலருக்கு மனம் அளவுக்கு மீறிப் பொங்கிய நிலைக்குப் போனதும் பதிவாகியிருக்கிறது.

வாத்தியார் ஐயா, பெயர் மட்டும் தட்டுப்படாமல் இருப்பது உங்கள் வயதில் பெரும்பாலும் சாதாரணம். பி12, தைராய்டு, சர்க்கரை, காது கேட்கும் திறன் இந்த நான்கையும் ஒருமுறை பாருங்கள். சுத்த சைவம் என்றால் பி12ஐ முதலில் பாருங்கள். போன வழியை மறப்பது, கொடுக்கல் வாங்கலில் குழப்பம் என்று ஏதாவது இருந்தால் உடனே நரம்பியல் மருத்துவரிடம் போங்கள்.

---

திருச்சிக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு விவரமாக வரும் என்று எதிர்பார்க்கவில்லை. விற்பவருக்கு மெயில் போட்டு எந்த ஆய்வில் நிரூபணம் என்று கேட்டேன், ஒரு பிடிஎஃப் அனுப்பினார்கள். அது மனச்சோர்வு நோயாளிகளைப் பற்றியது, ஞாபகம் பற்றி ஒரு வரிகூட இல்லை. கருவி வாங்கப்போவதில்லை.

முல்லை அக்கா, இதைவிட நன்றாக நிரூபிக்கப்பட்டது ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், அந்த 20 நிமிடத்தை அதில் போடுகிறேன். தம்பிக்கு ஐசி வந்து சேர்ந்துவிட்டது, அவனை என்ன சொல்லிச் சமாதானப்படுத்துவது என்றுதான் தெரியவில்லை.

---

பனிக்காட்டு முல்லை எழுதியது:

புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, படித்ததை வெள்ளைத்தாளில் எழுதிப் பாருங்கள், பிறகு திறந்து சரிபாருங்கள். 2006இல் ரோடிகரும் கார்பிக்கியும் செய்த சோதனையில் ஒரு கட்டுரையை நான்கு முறை திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஒரு வாரம் கழித்து 40 சதவீதம் நினைவில் வைத்திருந்தார்கள், ஒரே ஒருமுறை படித்துவிட்டு மூன்று முறை பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் 61 சதவீதம். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள். அதனால்தான் திரும்பப் படிப்பது நன்றாகப் பதிந்த மாதிரி ஒரு மயக்கத்தைக் கொடுக்கிறது. இது வேறு ஆய்வுகளில் திரும்பத் திரும்ப நின்ற விஷயம். 42ம் 44ம் கலந்துபோகின்றன என்றால் இரண்டையும் தனித்தனி நாளில் படிக்காதீர்கள், பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது எதை மாற்றியது, 44 வந்து 42இல் எதைத் திருப்பிப் போட்டது என்று பார்க்காமல் எழுதுங்கள்.

---

ஈயக்கம்பி எழுதியது:

தம்பியைச் சமாதானப்படுத்துவது சுலபம். எல்எம்334இல் ஓடும் மின்னோட்டம் வெப்பநிலையோடு நேர் விகிதத்தில் மாறும், அதனால் அதைத் தெர்மாமீட்டர் சென்சாராகவும் பயன்படுத்தலாம், டேட்டாஷீட்டிலேயே சர்க்யூட் இருக்கிறது. செய்யச் சொல்லி மொட்டை மாடி தண்ணீர்த் தொட்டியில் மாட்டுங்கள். ஈரம் படாமல் சீல் செய்ய மறக்க வேண்டாம்.